'நீங்க எதுக்கு சார் சிரமப்படுறீங்க?'

அப்பா இறந்து நான்கு மாதம் கழித்து, மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். வங்கியில் அவர் கணக்கில் இருந்த பணத்தை நாமினியான அம்மாவுக்கு வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. அங்கே யாரும் எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'வாங்க சார்', 'உட்காருங்கம்மா' என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விரட்டிவிட்டது போலத்தான் வெளியே வந்தோம்.

முதல் நாள் கிடைத்த பதில், 'பார்த்துச் செஞ்சிடலாம்.' இந்த 'லாம்' பொல்லாதது. யார் செய்வார், எப்போது செய்வார், எதுவும் அதில் கிடையாது. கேட்பவருக்கு மட்டும் வேலை பாதி முடிந்துவிட்டது போல இருக்கும். அடுத்த வாரம் போனால், 'மேல கேட்டுச் சொல்றோம்.' மேலே யாரிடம் என்று கேட்டேன். 'நீங்க எதுக்கு சார் சிரமப்படுறீங்க, நாங்களே போன் பண்றோம்' என்றார். என் நம்பரை அவர் வாங்கவே இல்லை என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

'வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு இங்கத்து நடைமுறை தெரியாது, தப்பா நினைச்சுக்காதீங்க' என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னதுதான்: 'பாவம், அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. வீட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.' எங்கள் வீட்டு வரவு செலவு முழுவதையும் அத்தனை வருடம் எழுதி வைத்தவர் அவர். மறுநாள் கூப்பிட்டேன், வரவில்லை.

நடைமுறை என்னவென்று தேடிப் படித்தேன். நாமினி இருந்தால், இறப்புச் சான்றும் நாமினியின் அடையாளச் சான்றும் சேர்த்து விண்ணப்பித்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005லேயே சொல்லியிருக்கிறது. அப்புறம் கடிதமாக எழுதி, நகலில் தேதியோடு முத்திரை கேட்டேன். 'நமக்குள்ள எதுக்கு சார் இதெல்லாம்' என்று சிரித்தார்கள். நகர்ந்துவிடாமல் நின்றேன். எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம் என்பதும் அதற்குள் தெரிந்திருந்தது.

முத்திரை கிடைத்தது. கூடவே, வேறொரு அதிகாரி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, 'சாட்சி கையெழுத்து ஒண்ணு குறையுது. இது இல்லாம ஆகாது' என்றார். சிரிப்பு இல்லை, சார் இல்லை. மூன்று வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த மரியாதையான பதில் அதுதான். அன்று சாயங்காலமே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நான் திரும்பி வந்த பிறகு பணம் ஏறிவிட்டது. அம்மா தனியாகவே போய்ப் பாஸ்புக்கில் பதிந்து வந்திருக்கிறார். போனில் சொன்னார்: 'யாரும் உட்காருன்னு சொல்லலப்பா. நின்னு, கேட்டு வாங்கிட்டு வந்தேன்.'