முட்டைத் தூளில் "தாதுச்சத்து 11 சதவீதம்" என்றால் வாங்காதீர்கள்

சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட் செய்து விற்கும் எல்லாரும் இதைப் படியுங்கள்.

தீபாவளி ஆர்டருக்காகப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பழகிய ஒருவரிடம் முட்டைத் தூள் 5 கிலோ வாங்கினேன். கிலோவுக்கு 10 வெள்ளி குறைவு. "சாதாரணத் தூள் இல்லை அக்கா, தாதுச்சத்து 11 சதவீதம்" என்று சோதனை ரிப்போர்ட்டையும் காட்டினார். நம்பிவிட்டேன்.

முதல் தட்டு பிஸ்கட்டைக் கடித்ததும் பல்லில் நறநறவென்றது. சீனி கரையவில்லையோ என்று அடுத்த தட்டுக்குச் சீனியை அரைத்துப் போட்டேன். அப்போதும் அதே நறநறப்பு.

என் அண்ணன் மகள் ஈப்போவில் உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே, "அத்தை, இந்த எண்ணே காட்டிக்கொடுக்குதே" என்றாள். அவர் தாதுச்சத்து என்றது வெறும் சாம்பல் கணக்கு. பீங்கான் குவளையில் தூளை எடைபோட்டு, புகை அடங்கும்வரை கருக்கி, 550 டிகிரி உலையில் வெளுக்கும்வரை எரிப்பார்கள். ஈரம் ஏறாமல் ஆறவைத்து மறுபடி எடைபோடுவார்கள். எரியாமல் மிஞ்சியது எவ்வளவு என்று மட்டும்தான் அதில் தெரியும். அது முட்டையின் பாஸ்பரஸா, உப்பா, கல்லா என்று தெரியாது. பச்சை முட்டையில் சாம்பல் சுமார் 1 சதவீதம். முக்கால் பங்கு தண்ணீர். அதைக் காய வைத்தால் 4 சதவீதத்துக்குப் பக்கத்தில்தானே வரும்? 11 எங்கிருந்து வந்தது?

அவள் சொன்னபடி ஒரு கரண்டித் தூளைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளைக் குறுணை படிந்தது. மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு வினிகர் விட்டேன். குபுகுபுவென்று நுரைத்தது! தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கி, வினிகரில் அப்படிப் பொங்குவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். முட்டை ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். ஓட்டை அரைத்தார்களோ, சுண்ணாம்புக்கல்லை அரைத்தார்களோ, கலந்தது நிச்சயம்.

சாம்பல் 4 என்று போட்டிருந்தாலும் அப்படியே நம்பவேண்டாம். மாவைக் கலந்தால் சாம்பல் குறையும், கூடவே கொஞ்சம் உப்பைப் போட்டால் எண் சரியாகிவிடும். புரதமும் கொழுப்பும் கேளுங்கள். முழு முட்டைத் தூளில் புரதம் 45 சதவீதத்துக்கு மேல், கொழுப்பு 40 சதவீதம் அளவில் இருக்கும்.

சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் பொருள் என்பதால் செய்த பிஸ்கட்டையெல்லாம் கொட்டிவிட்டேன். அந்த ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. பிரிக்காத 3 பாக்கெட்டையும் ரிப்போர்ட்டையும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். நீங்களும் இதே தூளை வாங்கியிருந்தால் தூக்கிப் போடாமல் பாக்கெட்டோடு அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.