சேலத்து வீடா, வாரம் மூன்று நாள் பெல்லந்தூரா?

2020 மார்ச்சில் லேப்டாப்பையும் இரண்டு பேண்ட்டையும் அள்ளிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறியவன், பெங்களூருக்குத் திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது, அதுவரை வீட்டிலிருந்தே வேலை. இப்போது ஹைபிரிட், வாரம் மூன்று நாள் ஆபீஸ், மீதி நாள் வீடு. இரண்டிலும் அடிபட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் பணம். ஊரில் இருந்தபோது வாடகை கிடையாது, அம்மா சமையல், சம்பளம் அப்படியே கையில் நின்றது. ஹைபிரிட்டில் மூன்று நாள்தானே போகிறோம் என்று பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில் வீட்டு ஓனர் மூன்று நாள் வாடகையா வாங்குவார்? 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகிய ஊர் இது. செலவைப் பொறுத்தவரை ஹைபிரிட்டும் முழு ஆபீஸும் ஒன்றுதான்.

அலைச்சல் உங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்கு மஞ்சள் வழி மெட்ரோ திறந்தபிறகு, எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலை மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகிறார்கள். ஓசூரில் குடியிருந்து பொம்மசந்திராவில் ரயில் பிடிக்கும் ஆட்களும் உண்டு. என் ஆபீஸ் பெல்லந்தூர் பக்கம், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, வீட்டில் இருப்பது சொர்க்கமா என்றால் அதுவும் இல்லை. அம்மாவுக்கு நான் சும்மா இருக்கும் பிள்ளை. சிலிண்டர் வந்தால் வாங்கி வை, ரேஷன் கடைக்குப் போய்விட்டு வா, இதற்கு நடுவில் கிளையன்ட் காலில் குக்கர் விசில். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு கரண்டை நிறுத்தினார்கள் என்றால் அன்றைக்கு லீவு போட்டுவிடலாம். ராத்திரியில் ‘ஒரு சின்ன கால்’ என்று கூப்பிட்டால் மறுக்கவும் முடியாது, வீட்டில்தானே இருக்கிறாய் என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இது இன்னும் மோசம். நானெல்லாம் வேலை கற்றதே பக்கத்து சீட் அண்ணன் என்ன தட்டுகிறார் என்று எட்டிப் பார்த்துத்தான்.

ஆனால் ஹைபிரிட்டில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த மூன்று நாள்? செவ்வாய், புதன், வியாழன் என்றால் செவ்வாய் விடியற்காலையில் வந்து இறங்கி, இரண்டு ராத்திரி நண்பன் ரூமில் படுத்து, வியாழன் ராத்திரி மடிவாளாவில் சேலம் பஸ் ஏறிவிடலாம், வாடகையே வேண்டாம். எனக்குக் கொடுத்திருப்பது திங்கள், புதன், வெள்ளி. அதிலும் டீமில் ஆளுக்கு ஆள் வேறு வேறு நாள். போன மாதம் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தால் என் வரிசையில் ஒரு ஈ காக்கா இல்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் வீட்டில் உட்கார்ந்திருந்த மேனேஜரோடு பேசிவிட்டுத் திரும்பினேன். வருகைக்கு கார்டு ஸ்வைப் விழுந்தது, அவ்வளவுதான்.

என் ஓட்டு சேர்ந்தாற்போல் வரும் மூன்று நாளுக்கு. மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன். ஹெச்ஆரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார், இரண்டு மாதம் ஆகிறது.