அசல் கேம் போர்டுக்கு மலிவான வீட்டுச் செட்டப்: நாலு வருஷம் ஓடிய பிறகு

நம்மூரில் 'முஸ்தபா' என்று பெயர் வாங்கிய கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் கேம், கேப்காம் 1993-இல் விட்டது. கேம் கடைகளில் பெரிய பெட்டிக்குள் இருந்த அந்த அசல் சர்க்யூட் போர்டையே, பெட்டி எதுவும் இல்லாமல், மேசை மேல் வைத்து டிவியில் ஓட்டலாம். போர்டுக்கும் டிவிக்கும் நடுவில் உட்காரும் இணைப்புப் பெட்டிக்கு 'சூப்பர்கன்' என்று பெயர். ரெடிமேடாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸும் கூரியரும் சேர்ந்து விலையை ஏற்றிவிடும். மதுரைக் கடைகளில் கிடைக்கும் சாமான்களை வைத்துக் கட்டிய செட்டப் ஒன்று, நாலு சித்திரை வெயிலைத் தாண்டி இன்றும் ஓடுகிறது. அதில் எது தாக்குப்பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்பதே இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். மிச்சம் பிடிக்க இதில் பல இடம் உண்டு. 5 வோல்ட்டில் மட்டும் பிடிக்கவே கூடாது. வாங்கிய போர்டு 'செத்துப்போச்சு' என்று மூலையில் கிடப்பதற்கு, பல சமயம் காரணம் போர்டாக இருக்காது. அதற்குப் போய்ச் சேர்ந்த கரண்டாகத்தான் இருக்கும்.

ஜாமா கனெக்டர்

1985-இல் ஜப்பானில் வகுத்த ஜாமா என்ற பொதுவான கனெக்டர் அமைப்பைத்தான் அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான போர்டுகள் பின்பற்றுகின்றன. போர்டின் ஓரத்தில் மேலே 28, கீழே 28, ஆக 56 தகடுகள், இடைவெளி 3.96 மில்லிமீட்டர். ஐசி இருக்கும் பக்கத்தை மேல் என்றும் சால்டர் பக்கத்தைக் கீழ் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1, 2 இரண்டு பக்கமும் கிரவுண்டு. 3, 4 பிளஸ் 5 வோல்ட். 5 மைனஸ் 5. 6 பிளஸ் 12. 7 காலி. மேல் 10 ஸ்பீக்கர் பிளஸ், கீழ் 10 ஸ்பீக்கர் மைனஸ். மேல் 12 சிவப்பு, கீழ் 12 பச்சை, மேல் 13 நீலம், கீழ் 13 சிங்க் (படம் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் சிக்னல்), மேல் 14 வீடியோ கிரவுண்டு. 16 காயின், 17 ஸ்டார்ட், 18 முதல் 21 வரை மேல், கீழ், இடது, வலது, 22 முதல் 24 வரை மூன்று பட்டன். இதில் மேல் வரிசை முதல் ஆட்டக்காரருக்கு, கீழ் வரிசை இரண்டாமவருக்கு. 27, 28 மறுபடியும் கிரவுண்டு.

ஏழாவது இடம் காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே கனெக்டருக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைச் செருகினால், போர்டில் உள்ள வெட்டில் மட்டும் அது இறங்கும். திருப்பிப் போட்டால் கனெக்டர் ஏறாது. இந்தத் துண்டு இல்லாமல் தலைகீழாகச் செருகினால் முதல் இடம் 28-க்கும், ஆறாவது இடம் 23-க்கும் போய்விடும். அதாவது பிளஸ் 12 வோல்ட் நேராக இரண்டாவது பட்டனின் உள்ளீட்டுச் சிப்பில் இறங்கும். ஒரு நொடி போதும். சில ஹார்னஸ்களில் (கனெக்டரும் வயரும் சேர்ந்த ரெடிமேட் கட்டு) இந்தத் துண்டைப் போடாமலே விற்கிறார்கள். முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

பவர்

பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும். அதில் மூன்று சிக்கல். 12 வோல்ட்டில் லோடு இல்லாவிட்டால் பலவற்றில் 5 வோல்ட் நிலையாக நிற்பதில்லை. அதைத் திருகி ஏற்ற வெளியே பிரீசெட்டும் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) கிடையாது. புதிய மாடல்களில் மைனஸ் 5 வோல்ட் வயரே வருவதில்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நகைக்கடை வாசலிலும் கோவில் வாசலிலும் எழுத்து ஓடும் பி10 எல்இடி போர்டுகள் எல்லாம் 5 வோல்ட்டில் ஓடுபவை. அதனால் 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் "அண்ணே, பி10 போர்டுக்குப் போடுற அஞ்சு வோல்ட் எஸ்எம்பிஎஸ், பத்து ஆம்ப்ஸ்ல குடுங்க" என்றால் போதும். பெரும்பாலான போர்டுகளுக்கு 2 முதல் 5 ஆம்பியர் தேவை. 10 ஆம்பியர் தாராளம். 40 ஆம்பியர் வகையை எடுத்துக் கொடுப்பார்கள், வேண்டாம். போர்டில் எங்காவது ஷார்ட் ஆனால் 40 ஆம்பியர் சப்ளை நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும், செம்புத் தடம் கருகிவிடும். 10 ஆம்பியரே ஆனாலும் பிளஸ் 5 வயரில் கார் பிளேடு ஃபியூஸ் ஒன்று, 7.5 ஆம்பியர், ஹோல்டரோடு போடுங்கள்.

12 வோல்ட் பெரும்பாலும் சவுண்டு ஆம்ப்ளிஃபையருக்கு மட்டுமே. 2 ஆம்பியர் அடாப்டர் போதும். அதன் மைனஸை 5 வோல்ட் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். மைனஸ் 5 சில பழைய போர்டுகளின் சவுண்டுக்குத்தான் தேவை. மூன்றும் ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் மீன்வெல் ஆர்டி-65ஏ இருக்கிறது; விலை கூடும்.

அடுத்தது வயர். ரெடிமேட் ஹார்னஸில் பவருக்கும் பட்டனுக்கும் ஒரே மெல்லிய வயரைப் போட்டிருந்தால், பவர் வயரை வெட்டி எறிந்துவிட்டு 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போடுங்கள். கணக்கு எளிது. 1 ஸ்கொயர் எம்எம் செம்பு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், 4 ஆம்பியர் ஓடினால் 0.14 வோல்ட் வழியிலேயே போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸில் 5.00 காட்டினால் போர்டில் 4.86. மெல்லிய வயரில் இது 4.7-க்கும் கீழே இறங்கும். போர்டில் உள்ள டிடிஎல் என்ற பழைய வகைச் சிப்புகள் 4.75-க்குக் கீழ் சரியாக நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. படத்தில் கோடு விழுவது, நடுவில் ரீசெட் ஆவது, ஒரு மணி நேரம் ஓடிவிட்டு உறைந்து நிற்பது எல்லாவற்றையும் முதலில் இங்கேதான் தேட வேண்டும். அதனால் வயரை அரை மீட்டருக்குள் வைத்து, 3, 4 இடங்களுக்கு மேலும் கீழும் நான்கு தனி வயர், கிரவுண்டுக்கு எட்டு இடத்துக்கும் வயர் கொடுங்கள்.

போர்டைச் செருகுவதற்கு முன் ஒரு சோதனை. கார் ஹெட்லைட்டின் 60/55 வாட் ஹாலஜன் பல்பை எடுத்து, அதன் 55 வாட் இழையை 5 வோல்ட்டில் மாட்டுங்கள். இழை மங்கலாக, ஆரஞ்சு நிறத்தில் கனலும். அந்த நிலையில் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். பத்து நிமிஷம் எரியவிட்டு மல்டிமீட்டர் ஆடாமல் நிற்கிறதா பாருங்கள். பிறகு போர்டை மாட்டி, எஸ்எம்பிஎஸ் முனையில் அல்ல, போர்டின் மேலேயே ஏதாவது ஒரு ஐசியின் பவர் காலில் அளந்து 5.05-க்குத் திருகுங்கள். ஒவ்வொரு போர்டு மாற்றும்போதும் இதைச் செய்ய வேண்டும். 2 ஆம்பியர் போர்டுக்கு மாறும்போது அதே திருகில் வோல்டேஜ் ஏறிவிடும்.

படம்

போர்டு தருவது 15.7 கிலோஹெர்ட்ஸ் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி வயரில் வரும் சிக்னல். இன்றைய எல்இடி டிவியில் இதை நேரடியாகக் கொடுக்க இடம் இல்லை. ஐரோப்பிய டிவியில் இருக்கும் ஸ்கார்ட் சாக்கெட் நம் டிவிகளில் பெரும்பாலும் வந்ததும் இல்லை. எந்த வழியில் போனாலும் சிக்னலின் அளவைக் குறைத்தாக வேண்டும். சிங்க் வயரில் 470 ஓம் ரெசிஸ்டர்: 5 வோல்ட் சிங்க், 75 ஓம் உள்ளீட்டில் 0.7 வோல்ட் அளவுக்கு இறங்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 500 ஓம் பிரீசெட். மூன்றையும் முழு ரெசிஸ்டன்ஸில் வைத்துத் தொடங்கி, டெஸ்ட் மெனுவில் வரும் கலர் பாரைப் பார்த்துக்கொண்டே குறைத்து வாருங்கள். வெள்ளை வழிந்து பக்கத்தில் பரவத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள்.

மலிவான முதல் வழி, ஜிபிஎஸ்-8200 என்ற கன்வெர்ட்டர் போர்டும் பழைய 4:3 விஜிஏ மானிட்டரும். ஒரு மாலைக்குள் படம் வந்துவிடும். ஆனால் இந்த போர்டு கேமின் படத்தை இன்டர்லேஸ் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறி வரும் படம்) என்று தவறாக எடுத்துக்கொண்டு கலக்கிவிடுகிறது. ஓடும் உருவங்களின் ஓரம் சீப்புப்பல் போல் கிழியும். பட்டன் அமுக்குவதற்கும் திரையில் அடி விழுவதற்கும் இடையில் குறைந்தது ஒரு ஃப்ரேம், அதாவது 16.7 மில்லிசெகண்டு கூடுகிறது. முஸ்தபாவில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் முடியாது. அசல் போர்டுக்குச் செலவழித்துவிட்டு இந்தத் தாமதத்தை ஏற்பது மனசுக்கு ஒப்பவில்லை.

சரியான வழி பழைய டியூப் டிவி. 2006 முதல் தமிழக அரசு வீடுவீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. காயலான் கடைக்குப் போவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் ஏவி உள்ளீடு இருப்பதால் ஆர்ஜிபியை ஏவி சிக்னலாக மாற்றும், ஏடி725 சிப் உள்ள என்கோடர் வழியாகப் படம் கொடுக்கலாம். நம் டிவிகளின் பால் (PAL) கலர் முறைக்கு 17.734475 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும். படம் தெளிவு, தாமதம் இல்லை; சிவப்பு மட்டும் கொஞ்சம் கசியும். இன்னும் நல்ல படம் வேண்டுமென்றால், டிவி தன் வால்யூம் கோட்டையும் சேனல் எண்ணையும் வரையும் ஆர்ஜிபி வழியிலேயே கேம் சிக்னலை நுழைக்கலாம். அது சர்க்யூட் படம் படிக்கத் தெரிந்த டிவி மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. பிக்சர் டியூப்பின் ஆனோடில் இருபதாயிரம் வோல்ட் அளவில் இருக்கும், அணைத்த பிறகும் தங்கும். யூடியூப் பார்த்து அதில் கை வைக்காதீர்கள்.

டியூப் டிவிக்கு இன்னொரு நன்மை உண்டு. ஆர்-டைப் ஓடும் ஐரெம் போர்டு நொடிக்கு 55 முறையும் மார்ட்டல் காம்பாட் 54.7 முறையும் படம் வரையும். டியூப் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. நெட்டுவாக்கில் ஆடும் விமானக் கேம்களுக்கு 14 இன்ச் டிவியைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்கவும் முடியும். சாய்த்ததும் மூலையில் ஊதா, பச்சைத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். மெயின் சுவிட்சில் அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் டிவியே காந்தத்தை நீக்கிக்கொள்ளும்.

சவுண்டு

பத்தாவது இடத்தில் வருவது ஆம்ப்ளிஃபையர் தாண்டிய ஸ்பீக்கர் சிக்னல். 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை நேராக மாட்டுவதே நல்லது. ஸ்பீக்கர் மைனஸைக் கிரவுண்டு என்று நினைத்து டிவியின் ஆடியோவில் செருகினால், ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் கொடுக்கும் பிரிட்ஜ் முறையில் ஓடும் போர்டுகளில் ஆம்ப்ளிஃபையர் ஐசி போய்விடும். டிவியில்தான் கேட்க வேண்டுமென்றால் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை லோடாகப் போட்டு, அதன் குறுக்கே 600 ஓமுக்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்து எடுங்கள். கேப்காமின் சிபிஎஸ்-2 வகைப் போர்டில் தனி ஆர்சிஏ ஸ்டீரியோ சாக்கெட்டே இருக்கிறது, அங்கே இந்தப் பாடு இல்லை.

ஜாய்ஸ்டிக், பட்டன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாமே கிரவுண்டைத் தொடும் சுவிட்சுகள்தான். எந்தப் பட்டனுக்கும் 5 வோல்ட் போகக்கூடாது. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 30 மில்லிமீட்டர் ஓட்டையை ஆசாரியிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் மூன்று உதைப் பட்டன்கள் ஜாமாவில் கிடையாது, போர்டின் தனி கனெக்டரிலிருந்து வரும். முஸ்தபாவின் மூன்றாவது ஆட்டக்காரருக்கும் அப்படியே.

நாலு வருஷத்தில் தேய்ந்தவை

மலிவு ஜாய்ஸ்டிக்கின் மைக்ரோசுவிட்ச் முதலில் போனது. தனியாகவே வாங்கி மாற்றலாம். அடுத்தது கனெக்டரின் பித்தளை நாக்குகள். போர்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அவற்றின் இறுக்கம் தளர்கிறது. தளர்ந்த 5 வோல்ட் நாக்கு சூடாகி பிளாஸ்டிக் பழுப்பேறினால் உடனே கனெக்டரை மாற்றுங்கள். போர்டின் தகடுகளுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வெள்ளை அழிரப்பரும் போதும். எமரி பேப்பர் போட்டால் மேல் பூச்சு போய்விடும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியின் காற்றுத் துளைகளுக்குக் கொசுவலை ஒட்டுவது நம்மூரில் அவசியம். சூட்டைத் தேடிப் பல்லி உள்ளே புகும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் பின்னால் உள்ள சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் இடைவெளியில் கேம் ரீசெட் ஆகும்.

கடைசியாக பேட்டரி. சிபிஎஸ்-2 போர்டில் உள்ள 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் கேமின் மறைகுறியை, அதாவது பூட்டிய கேமைத் திறக்கும் சாவியைக் காப்பாற்றுகிறது. அது தீர்ந்தால் கேம் எழாது. அசல் முஸ்தபா போர்டிலும் சவுண்டுப் பகுதியின் சிப்புக்கு இதே மாதிரி ஒரு பேட்டரி உண்டு. நகல் போர்டுகளில் கிடையாது. வாங்கும்போதே பேட்டரியை அளந்து பாருங்கள். 3.3-க்குக் கீழே வந்துவிட்டால், புதியதை இணையாக வயரில் பிடித்துக்கொண்டு பழையதை எடுக்கத் தெரிந்தவரிடம் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.