பழைய சர்வர் வாங்கப் போகிறீர்களா? டிஸ்க்கையும் ரேமையும் நீங்களே சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பழைய சர்வர் ஒன்றை வாங்கி வீட்டில் ஸ்டோரேஜாக வைக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கடைக்காரர் திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அந்த எண்ணை அழித்துப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைக்க முடியும், வைக்கிறார்கள். ‘சர்வர் ரேம்’ என்ற வார்த்தையையும் நம்பாதீர்கள். சென்னையில் பழைய சர்வர் விற்கும் ஒரு கடை இந்த இரண்டிலும் என்னை ஏமாற்றியது.

விளம்பரத்தில் போட்டிருந்தது இதுதான்: எச்பி மைக்ரோசர்வர் ஜென்8, 16 ஜிபி இசிசி ரேம் (பிழையைத் தானே திருத்தும் வகை), நான்கு 4 டிபி என்டர்பிரைஸ் டிஸ்க், எல்லாம் சேர்த்து ரூ. 32,000. இந்த மெஷின் 2013இல் வந்தது. நான்கு டிஸ்க் போடலாம், சத்தம் குறைவு, வீட்டு அலமாரியில் அடங்கிவிடும். இன்றைக்கும் வீட்டு ஸ்டோரேஜுக்கு நல்ல பெட்டி என்றுதான் சொல்வேன். பிரச்சினை பெட்டியில் இல்லை, உள்ளே போட்டுக் கொடுத்ததில்.

கடையிலேயே டிஸ்க் ஒவ்வொன்றின் ஸ்மார்ட் விவரத்தையும் (ஓடிய நேரம், பழுது முதலிய கணக்கு) காட்டச் சொல்லிப் பார்த்தேன். நான்கில் இரண்டு சீகேட் எக்ஸோஸ் என்ற என்டர்பிரைஸ் டிஸ்க், இரண்டும் முப்பது மணி நேரம்கூட ஓடவில்லை என்று வந்தது. பழுதான செக்டர் (தகவல் எழுதும் சிறு பகுதி) பூஜ்யம். “கம்பெனி ஸ்பேர் ஸ்டாக் சார், பெட்டியை இப்பதான் பிரிச்சோம்” என்றார் விற்றவர்.

வீட்டில் இசட்எஃப்எஸ் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கோப்பு முறை) போட்டு, அப்பாவின் பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக்கி வைத்திருந்ததையும் குடும்பப் படங்களையும் ஏற்றத் தொடங்கியதுமே ஒரு எக்ஸோஸ் டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. ஸ்மார்ட் பட்டியலில் 197ஆம் எண், அதாவது ‘கரன்ட் பென்டிங் செக்டர்’, ஏறிக்கொண்டே போனது. முப்பது மணி நேரம் ஓடிய டிஸ்க் இப்படிச் செய்யாது.

சீகேட்டின் இப்போதைய டிஸ்க்குகளில் ஸ்மார்ட் தவிர ஃபார்ம் என்று இன்னொரு பதிவும் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் கணக்கு அது. ஸ்மார்ட் எண்ணை அழிக்கிறவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஸ்மார்ட்மோன்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் லினக்ஸிலேயே அதைப் படிக்கலாம். நான் படித்தேன். ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்ற வரியில் 41,000க்கு மேல் இருந்தது. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். அப்படியென்றால் அந்த டிஸ்க் நாலரை வருடத்துக்கும் மேலாக இரவு பகல் நிற்காமல் சுழன்றிருக்கிறது. தட்டின் மேல் ஹெட் (படித்து எழுதும் முனை) பறந்த நேரம் என்று தனியாக ஒரு வரி உண்டு, அதுவும் இதற்கு ஒத்துப்போனது. இரண்டாவது எக்ஸோஸும் ஏறக்குறைய அதே வயது. இரண்டும் ஒரே டேட்டா சென்டரிலிருந்து ஒன்றாகக் கழற்றப்பட்டவை என்றுதான் தோன்றுகிறது. வயதும் உழைப்பும் ஒன்றாக இருக்கும் டிஸ்க்குகளை மிரர் போட்டால் (ஒரே தகவலை இரண்டிலும் எழுதினால்), ஒன்று போய் மற்றதிலிருந்து மீட்டெடுக்கும் அந்தக் கடும் வேலையின் நடுவில் இரண்டாவதும் போகும் ஆபத்து மிக அதிகம். எதை நம்பி மிரர் போடுகிறோமோ, அதையே இந்தப் பொய் காலி செய்துவிடுகிறது. எனக்கு அதிகக் கோபம் வந்தது இதில்தான்.

இது எங்கோ ஒரு கடையின் தனிச் சாமர்த்தியம் இல்லை. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் புது டிஸ்க் என்று காசு கொடுத்து எக்ஸோஸ் வாங்கியவர்களுக்கே இப்படிப் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை வந்து சேர்ந்தது வெளியே தெரிந்தது. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக 2021 வாக்கில் மலை மலையாக வாங்கப்பட்ட டிஸ்க்குகள்தான் இப்படிச் சந்தைக்குத் திரும்புகின்றன என்று சந்தேகப்பட்டார்கள். 2025இலேயே கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் சோதனை போட்டு, எண் அழித்துப் புது லேபிள் ஒட்டிய நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளைப் பிடித்தார்கள். ஃபார்ம் பதிவையும் மாற்றக் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஃபார்ம் சரியாக இருந்தாலே டிஸ்க் நல்லது என்று ஆகிவிடாது. ஸ்மார்ட்டும் ஃபார்மும் முரண்பட்டால் மட்டும் உறுதியாகச் சொல்லலாம், அது ஏமாற்று வேலை.

மீதி இரண்டு டிஸ்க்கும் ‘நாஸ் டிஸ்க்’, அதாவது எப்போதும் ஓடும் ஸ்டோரேஜ் பெட்டிக்கானவை, என்று சொல்லப்பட்டவை. தள்ளி நின்று பார்த்தால் தெரியாது, ட்ரேயிலிருந்து கழற்றி லேபிளைப் பார்த்தால் பாரகுடா, எஸ்டி4000டிஎம்004. டெஸ்க்டாப் டிஸ்க். வருடத்துக்கு 2,400 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் செய்தது. நாள் முழுக்க ஓடும் பெட்டிக்கு உரியதே இல்லை. அதைவிட முக்கியம், அது எஸ்எம்ஆர் வகை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு ஏறி உட்காருவதுபோல இதில் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் அதை ஒட்டியிருப்பவற்றையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். படம் சேமிக்க, எப்போதாவது பேக்கப் எடுக்க இது போதும். ரெய்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) போட்டு, ஒரு டிஸ்க் போய் புதிதாக நிரப்ப வேண்டி வந்தால் வேகம் ஊர்ந்து போகும். பதில் சொல்ல நேரமாகிறது என்று இசட்எஃப்எஸ் அந்த டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடவும் கூடும்.

2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரையிலானவை பெட்டியில் சொல்லாமலே எஸ்எம்ஆருக்கு மாறியிருந்தது தெரிந்து பெரிய சண்டையானது. அதற்குப் பிறகுதான் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத சாதாரண சிஎம்ஆர் வகைக்கு ‘ரெட் பிளஸ்’ என்று தனிப் பெயர் வைத்தார்கள். பழைய சந்தையில் ரெட் வாங்கினால் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். 4 டிபியில் இஎஃப்ஆர்எக்ஸ் என்றால் சிஎம்ஆர், இஎஃப்ஏஎக்ஸ் என்றால் எஸ்எம்ஆர். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர், எக்ஸோஸும் பெரும்பாலும் சிஎம்ஆர். பாரகுடாவில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

சரி, ரேமுக்கு வருகிறேன். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளையைக் கொடுத்து மெமரிப் பகுதியைப் பார்த்தால் ஒவ்வொரு குச்சிக்கும் ‘டோட்டல் விட்த்’, ‘டேட்டா விட்த்’ என்று இரண்டு வரி வரும். இசிசி ரேமுக்கு 72, 64 என்று இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் 8 பிட்தான் ஒரு பிட் புரண்டால் திருத்துகிறது. எனக்கு வந்தது 64, 64. இரண்டுமே சாதாரண டெஸ்க்டாப் ரேம். திறந்து எண்ணினாலும் தெரியும்: ஒரு பக்கத்தில் எட்டு சிப், இசிசியாக இருந்தால் ஒன்பது இருந்திருக்கும்.

வீட்டு சர்வருக்கு இசிசி கட்டாயமா என்று கேட்டால், இல்லை. இல்லாமல் நன்றாக ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். இருந்தால் நல்லது, நான் அதற்குத்தான் கூடுதல் காசு கொடுத்தேன். கொடுத்த காசுக்கு இல்லாத பொருளைப் போட்டு மூடியதுதான் குற்றம்.

கடைக்குப் போய்க் கேட்டேன். “ரேம் ரேம்தான் சார், என்ன வித்தியாசம்?” என்று தொடங்கி, கடைசியில் “ஒரிஜினல் சர்வர் ரேம்” என்று வேறு இரண்டு குச்சிகளை எடுத்துக் கொடுத்தார்கள். லேபிளில் 2ஆர்எக்ஸ்4 பிசி3எல்-10600ஆர் என்று இருந்தது. அந்தக் கடைசி ‘ஆர்’ எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஆர்’ என்றால் ரெஜிஸ்டர்டு. பெரிய ரேக் சர்வர்களுக்கானது. அவை மொத்தம் மொத்தமாகக் கழிக்கப்படுவதால் மலிவாகக் கிடைக்கும். மைக்ரோசர்வர் ஜென்8க்கும் இதேபோன்ற சின்ன சியோன் இ3 (இன்டெல் சர்வர் சிப்) மெஷின்களுக்கும் வேண்டியது ‘இ’ என்று முடிவது, அதாவது பஃபர் இல்லாத இசிசி. இரண்டும் ஒரே அளவு, ஒரே 240 பின், வெட்டும் ஒரே இடத்தில். ஸ்லாட்டில் அழகாக உட்காரும். மெஷின் மட்டும் எழாது.

கடை மேஜையிலேயே போட்டுக் காட்டச் சொன்னேன். விசிறி முழு வேகத்தில் இரைந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. உடனே கடையில் வேலை செய்யும் பையன் சொன்னது: “போர்டு போயிடுச்சு சார். நீங்க வீட்டுல கழட்டி மாட்டினதுல போயிருக்கும். இனி நாங்க பொறுப்பில்ல.” பழைய இரண்டு குச்சிகளைத் திரும்ப மாட்டச் சொன்னேன். மெஷின் ஓடியது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் முதலாளி, “யூஸ்டு பொருளுக்கு வாரண்டி கிடையாது, பில்லில் போட்டிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

இனி வாங்கப் போகிறவர்கள் உபுண்டு 24.04 ஏற்றிய ஒரு பென்டிரைவை எடுத்துப் போங்கள். அதிலேயே ஸ்மார்ட்மோன்டூல்ஸ் 7.4 கிடைக்கும், போனின் இணையத்தைக் கொண்டு நிறுவிக்கொள்ளலாம். கடைக்காரரின் கணினியில் பார்க்காமல், வாங்கப்போகும் மெஷினையே உங்கள் பென்டிரைவில் பூட் செய்து பாருங்கள். போர்டின் டிஸ்க் இணைப்பு ரெய்டு முறையில் இருந்தால் விவரம் முழுதாக வராமல் போகலாம், பயாஸில் ஏஎச்சிஐ முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்கில் ஃபார்ம் இல்லை. அதில் திருகு மாட்டும் துளைகளையும் கனெக்டரின் தங்க நிறப் பற்களையும் பாருங்கள். பலமுறை மாட்டிக் கழற்றிய கீறல் இருந்தால் ‘பெட்டியை இப்பதான் பிரிச்சோம்’ என்பது பொய். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரண்டி எப்போது முடிகிறது என்றும் பார்த்துவிடுங்கள். மலிவு என்று பெரிய சர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் வகை டிஸ்க்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சாதாரண சாட்டா போர்ட்டில் அது ஓடாது. அப்புறம், பில்லில் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் ரேமின் வகையையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது: “டிஸ்க்கைக் கொண்டுவாங்க சார், வேற மாத்தித் தர்றோம்.” நான் கொடுக்கவில்லை. திரும்பக் கொடுத்தால் எண்ணை மறுபடி அழித்து இன்னொருவர் தலையில் கட்டுவார்கள். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ரூ. 5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்திலேயே போடலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, ஸ்மார்ட்டும் ஃபார்மும் அருகருகே இருக்கும் அச்சுப்பிரதி எல்லாம் வைத்திருக்கிறேன். இதே மாதிரி வேறு யாருக்காவது நடந்திருந்தால் டிஸ்க்கைத் திருப்பித் தராமல், ஃபார்ம் பதிவை முதலில் கோப்பாகச் சேமித்து வையுங்கள். மனு போட உதவி வேண்டுமென்றால் கேளுங்கள், என் மனுவின் மாதிரியைத் தருகிறேன்.