நலங்கு மாவா, முல்தானி மட்டியா?

காரைக்குடி வெயிலுக்கு எதைப் பூசுவது என்று குழம்புபவர்களுக்காக இது.

செலவு: முல்தானி மட்டி மலிவு. நலங்கு மாவுக்குப் பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர் எல்லாம் நாட்டுமருந்துக் கடையில் வாங்கவேண்டும். ஆவாரம்பூ மட்டும் நம் பக்கத்துச் செம்மண் காட்டிலேயே பறித்துக்கொள்ளலாம்.

இருப்பு: மட்டி மண்தானே, ஈரம் படாவிட்டால் கெடாது. மாவில் வண்டு விழும்.

சருமம்: மட்டி எண்ணெயை உறிஞ்சும். காய்ந்து வெடிக்கும்வரை விடாதீர்கள், பாதி ஈரத்திலேயே கழுவிவிடுங்கள். மாவு அவ்வளவு வறளவைக்காது. ஆனால் கார்போக அரிசி (பெயர்தான் அரிசி, உண்மையில் ஒரு மூலிகை விதை) சேர்த்திருந்தால் கவனம்: அதிலுள்ள சோராலென் என்ற வேதிப்பொருள், வெயில் பட்டால் தோலைச் சிவக்கவும் கறுக்கவும் வைக்கும். குழந்தைக்கு அரைக்கும்போது அதைச் சேர்க்கவே வேண்டாம், வீட்டு ஆச்சி சொன்னாலும் சரி.

எண்ணெய் வடியும் முகத்துக்கு வாரம் ஒருமுறை மட்டி போதும். வறண்ட சருமத்துக்கு மாவுதான்.