தனிச் சோளமா, தட்டைப்பயறும் சேர்த்தா?

மானாவாரிக் கரிசலில் சோளம் மட்டும் விதைத்தால் வேலை சுலபம்: ஒரே விதை, ஒரே அறுவடை. ஆனால் தழைச்சத்து (நைட்ரஜன்) முழுவதையும் மண்ணும் உர மூட்டையும்தான் கொடுக்க வேண்டும்.

ஊடே தட்டைப்பயறு போட்டால் கதை வேறு. ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பயறு தன் தேவையில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்வதால், மண்ணில் இருப்பது சோளத்துக்கு மிஞ்சும். சோளமும் சும்மா இருப்பதில்லை. புல்லினப் பயிர்களின் வேர்க்கசிவு, சுண்ணாம்பு மண்ணில் இறுகிக் கிடக்கும் இரும்பைக் கரைத்துக் கொடுக்கும்.

சங்கடமும் உண்டு: மழை பொய்த்தால் ஈரத்துக்குப் போட்டி. அப்புறம், கொடியோடும் ரகம் சோளத்தின் மேல் ஏறிவிடும். குத்துச்செடி ரகமே தேவலை. மாடு வைத்திருப்பவர் என்றால், தீவனத்துக்காகவே யோசிக்காமல் இரண்டையும் சேர்த்தே போடச் சொல்வேன்.