டென்னிஸ் பார்க்க டிஷ்ஷா, ஆப்பா?

ஃபைபர் இணைப்பு வந்ததும் மதுரை திருநகர்ப் பக்கம் எங்கள் தெருவில் பலர் மொட்டைமாடி டிஷ்ஷைக் கழற்றிவிட்டார்கள். நான் கழற்றவில்லை. இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, டென்னிஸின் நாலு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம் ஆட்டங்களுக்கு டிஷ்தான் என்று முடிவு கட்டினேன். படமும் சீரியலும் மட்டும் பார்க்கிற வீடுகளுக்கு ஆப்பே போதும், அவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை.

காசில் பெரிய வித்தியாசம் இல்லை. 2025-இல் ஆஸ்திரேலிய ஓப்பனும் பிரெஞ்சு ஓப்பனும் சோனி கையில் இருந்தன, விம்பிள்டன் ஸ்டார் கையில். எந்த வழியில் போனாலும் இரண்டு வீட்டுக்கும் மொய் எழுதித்தான் ஆகவேண்டும். கரண்ட் போனாலும் அப்படித்தான், இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டும் ஓடும், இல்லாவிட்டால் இரண்டும் ஓடாது. டிஷ் வைத்திருப்பவர்கள் எச்.டி. இல்லாத சாதாரண எஸ்.டி. சேனலில் மட்டும் பார்க்காதீர்கள். 200 கி.மீ. வேகத்தில் வருகிற சர்வீஸ் அதில் வெறும் மஞ்சள் கோடாகத்தான் தெரியும்.

எனக்கு விஷயத்தை முடித்துவைத்தது தாமதம். ஆப்பில் ‘நேரலை’ என்று போட்டிருந்தாலும் அது கொஞ்சம் பழைய சங்கதி. ஆட்டத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் தயாரித்து அனுப்புகிறார்கள். நடுவில் படம் நின்று சுற்றக் கூடாதே என்று நம் டி.வி.யும் சில துண்டுகளைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் ஓட்டத் தொடங்குகிறது. டிஷ்ஷிலும் தாமதம் உண்டு, ஆனால் அது சில நொடிகளோடு முடிந்துவிடும். என் வீட்டில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் ஆப் இருபது, முப்பது நொடி பின்னால் வருகிறது. மற்ற வீடுகளில் கூடக் குறைய இருக்கலாம்.

முப்பது நொடியில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். டென்னிஸில் ஒரு பாயின்ட் முடிந்து அடுத்த சர்வீஸ் போட 25 நொடிதான் அவகாசம். ஆக, ஆப்பில் பார்ப்பவர் எந்நேரமும் ஒரு பாயின்ட் பின்தங்கியே இருக்கிறார். போனை அணைத்துவிட்டுத் தனியாகப் பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. நானும் சிவகங்கையில் இருக்கும் மச்சானும் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுக்கொண்டேதான் பார்ப்போம். அவருக்குப் பிடித்த ஆட்டக்காரர் சின்னர், எனக்கு அல்கராஸ்.

2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம நேரம் மாலை ஆறரை வாக்கில் தொடங்கி, 5 மணி 29 நிமிடம் ஓடி, நள்ளிரவை ஒட்டி முடிந்தது. நாலாவது செட்டில் 3-5 என்று அல்கராஸ் பின்தங்கி, தன் சர்வீஸிலேயே 0-40. சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட், அதாவது அதில் ஒன்றை எடுத்தாலே பட்டம். “மாப்ள, டி.வி.ய அமத்திட்டுப் போய்த் தூங்குங்க” என்று மச்சான் அனுப்பினார். அவர் வீட்டிலும் டிஷ்தான் என்பதால் அடுத்த மூன்று பாயின்ட்டையும் அல்கராஸ் தட்டிப் பறித்ததை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். நான் ஆப்பில் இருந்திருந்தால், அல்கராஸ் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மச்சானுடைய “அய்யோ” வந்து சேர்ந்திருக்கும். அப்புறம் அந்த சர்வீஸைப் பார்த்துத்தான் என்ன?

டிஷ்ஷுக்கு எதிரி மழை என்பார்கள். உண்மைதான், ஐப்பசி மழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். ஆனால் அந்தச் சமயத்தில் கிராண்ட்ஸ்லாம் எதுவும் கிடையாது. பிரெஞ்சு ஓப்பனும் விம்பிள்டனும் நடக்கிற வைகாசி, ஆனியில் மதுரையில் மழையைவிடக் காற்றுதான் தொந்தரவு. விம்பிள்டனுக்கு முன்னால் மாடிக்குப் போய் டிஷ் நட்டை ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

ஆப் ஜெயிக்கிற இடமும் ஒன்று உண்டு. சேனலில் அவர்கள் காட்டுகிற ஆட்டத்தைத்தான் பார்க்க முடியும். நடுவில் கிரிக்கெட் வந்துவிட்டால் அதுவும் போச்சு. ஆப்பில் பக்கத்துக் கோர்ட்டுகளுக்கும் போகலாம். ரோஹன் போபண்ணா 43 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டம் வென்ற 2024-இல், முதல் சுற்றிலிருந்தே அவரைத் தொடர நினைத்தவருக்கு ஆப்தான் கதி. அதே ஆண்டு சீனாவின் ஹாங்சோவில் நம்ம ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் இரட்டையர் பட்டம் வென்றார்களே, அந்த மாதிரிச் சின்னப் போட்டிகளுக்கும் டிஷ்ஷை நம்ப முடியாது. அதனால் முதல் வாரம் மட்டும் நானும் ஆப் பக்கம் போவதுண்டு. காலிறுதி வந்ததும் டிஷ்ஷுக்குத் திரும்பிவிடுவேன்.

யு.எஸ். ஓப்பன் பற்றி என்னிடம் யோசனை கேட்காதீர்கள். நியூயார்க்கில் இரவு ஏழு மணி ஆட்டம் நமக்கு விடிகாலை நாலரை. நான் காலையில் காபியோடு ஹைலைட்ஸ் பார்க்கிற ஆள். மாலை இடிமழை பெய்கிற மாதங்கள் வேறு, அதனால் அதற்கு ஆப்பே மேலாக இருக்கலாம்.